மற்றவை

ஜூன் மாதம், புந்தா அரேனாஸில்
காலை பத்துக்கு விடிந்து
ஐந்தரைக்கு இருட்டிவிடும்.
நடுவில் வருவதை
மரியாதைக்குப் பகல் என்கிறோம்.
இந்தக் காற்றில் சாவி வெட்ட
யாரும் வரப்போவதில்லை.
கடையைப் பூட்டிவிட்டு
டப்பாக்களை இறக்கினேன்.

நான்கு பிஸ்கட் டப்பா, பதினெட்டு வருடம்.
ஒரு நாளுக்கு ஓர் அட்டை.
பின்பக்கம் எழுதக்கூடாது என்பது
நானே போட்ட சட்டம்.
ஒன்பது முறை மீறியிருக்கிறேன், எண்ணிவிட்டேன்.

அட்டைகளுக்கு இடையில்
தலைப்புச் சீட்டுகள் நிற்கின்றன:
காற்று. கடை. உடம்பு. கடன். மற்றவை.
காற்றில் இருநூறு இருக்கும்.
உடம்பில் பெரும்பாலும் முழங்கால்.
மூன்று டப்பா நிறைய மற்றவை.

என்ன நினைத்துப் பிரித்தேனோ!
பல் பிடுங்கியது கடனில் கிடக்கிறது
(சரிதான், ஒரு வகையில்).
கூரைத் தகடு பறந்து
பாதிரியார் தோட்டத்தில் விழுந்தது
காற்றிலா, கடையிலா?
ஆட்டுக்கறி உப்புப் போட்ட கணக்கு.
ஆறு தொலைபேசி எண்கள், பெயரில்லாமல்.
ஒன்றைச் சுழற்றிப் பார்த்தேன்,
நீண்ட ஒரே ஓசை.
"இன்று எதுவும் இல்லை" என்று
பதின்மூன்று அட்டைகள்.
எதுவும் இல்லாததை எழுத
மை எதற்குச் செலவழித்தேன்?
கிழிக்கப் போனேன்.
ஒன்றில் மட்டும் தேதிக்குக் கீழே
காபிக் கோப்பையின் வட்டம்.
அதை வைத்துக்கொண்டேன், பன்னிரண்டும் அடுப்புக்கு.

எழுத்துப்பிழைகளைத் திருத்தலாமா?
நாற்பத்திரண்டு வயது எடெல்மிரா
அவசரக்காரி, புள்ளி வைக்கமாட்டாள்.
அறுபது வயதுக்காரி நான்
அவள் கையைப் பிடித்து எழுதவைக்க
எனக்கு என்ன உரிமை?
இரண்டு இடத்தில் வைத்தேன்.
மூன்றாவதில் பேனா நின்றது.

2009, ஆகஸ்ட்:
"நிபால்தோ என் ஏணியைத் திருடிவிட்டான்.
எல்லோருக்கும் சொல்வேன்."
சொன்னேன்.
ரொட்டிக் கடையில், கருமாதி வீட்டில்,
மகளிர் குழுவின் தேநீரில்.

அது கடனில் இருந்தது.
காற்றில், ஐநூறு அட்டை தள்ளி,
2011, அக்டோபர்:
"பனி இளகியது.
கொட்டகைக்குப் பின்னால் ஏணி,
காற்று தள்ளியிருக்கும்."
அவ்வளவுதான். புள்ளிகூட இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து
இன்றைக்கு வரை பார்க்கவே இல்லை.
பார்க்காமலிருக்கத்தான்
தனித்தனித் தலைப்பு வைத்தேனோ?

மற்றவையில் மூன்றாவது ஒன்று,
தேடாமலே கையில் வந்தது. 2014:
"நிபால்தோ வந்தான். பொர்வெனிருக்குக் குடிபோகிறானாம்.
வாசல் சாவிக்கு ஒரு நகல் கேட்டான்.
முழு விலை வாங்கினேன்."
அவன் காசை எண்ணி வைத்தது நினைவிருக்கிறது.
"நல்ல சாவி, அம்மணி" என்றான்,
வெட்டியதைப் பார்க்காமல்.
இது எந்த அட்டையிலும் இல்லை.

கிழித்துவிடலாம்தான்.
அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.
ஆனால் ரொட்டிக் கடையில் சொன்னதை
எந்த அடுப்பில் போடுவது?

2009-இன் ஓரத்தில் எழுதினேன்:
"2011 அக்டோபர் பார்க்க."
2011-இல்: "2014 பார்க்க."
2014-இல் எழுத இடம் இருந்தது, நிறைய.
வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.
பிறகு அட்டையைத் திருப்பினேன்.

பத்தாவது மீறல்.

மூடி சரியாகப் பொருந்தவில்லை,
முழங்காலால் அழுத்தினேன்.
ஐந்து தலைப்புகளில் நான்கைக் கிழித்துவிட்டேன்,
தேதி வரிசையே போதும்.
இன்றைய அட்டை மேலே கிடக்கிறது:
பொர்வெனிர் படகு காலை ஒன்பதுக்கு, காற்று அனுமதித்தால்.
விலாசம் தெரியாது.
அந்தப் பூட்டின் எண் தெரியும்.